வாங்கும்முன் ஒரு கணக்கு

நுழையும்முன்

நடுத்தரக் குடும்பம் ஒன்று வீட்டுக்கு அடுத்தபடியாகப் பெருந்தொகை செலவிடுவது பெரும்பாலும் மகிழுந்துக்கே. மனை வாங்குவதற்கு ஆண்டுக்கணக்கில் ஆலோசிப்பவர்கள்கூட, மகிழுந்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலைப்பொழுதில் முடிவு செய்துவிடுகின்றனர். விலைச்சீட்டில் அச்சாகியிருக்கும் தொகைக்கும் அக்குடும்பம் இறுதியில் செலுத்தி முடிக்கும் தொகைக்கும் உள்ள இடைவெளியை இவ்வுரைநடைப் பகுதி அளந்து பார்க்கிறது.

தேர்வே இல்லாதிருந்த காலம்

விடுதலைக்குப் பின் ஏறத்தாழ 35 ஆண்டுகள் இந்தியாவில் மகிழுந்து வாங்குவோர்க்கு முடிவெடுக்கும் சுமை பெரிதாக இருந்ததில்லை. கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் உருவான அம்பாசிடர், மும்பையில் உருவான பியட், சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஆகியவற்றுள் ஒன்றுக்குப் பணம் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்ததும் இந்நிலை அசைந்தது. 1991இல் பொருளாதாரக் கதவுகள் திறந்தன. 1998இல் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ சாலைக்கு வந்தது. அதன்பின் மகிழுந்து, மாவட்டத் தலைநகர்களின் தெருக்களிலும் இயல்பான காட்சியாயிற்று.

இன்று நிலைமை தலைகீழ். ஒரே பெயருடைய வண்டி ஏழெட்டு வகைகளில் கிடைக்கிறது. அடிப்படை வகைக்கும் உச்ச வகைக்கும் இடையே நான்கைந்து இலட்சம் ரூபாய் வேறுபாடு உண்டு. பெட்ரோலா, டீசலா, சி.என்.ஜி.யா, மின்சாரமா, புதியதா, பழையதா என்று வினாக்கள் பெருகிவிட்டன. வினாக்கள் பெருகும்போது மனிதர் எளிதான விடையைத் தேடுவர். அவ்விடை பெரும்பாலும் அண்டை வீட்டு வாசலில் நிற்கிறது. அவர் வாங்கிய வண்டியையோ அதைவிடச் சற்றுப் பெரியதையோ நாமும் வாங்கிவிடுகிறோம்.

மகிழுந்து வாங்கும் வயது உங்களுக்கு இன்னும் வரவில்லை எனலாம். எனினும், ஆங்கிலத்தில் அச்சிட்ட கடன் ஒப்பந்தத்தையும் காப்பீட்டுத் தாளையும் பெற்றோர்க்குப் படித்துச் சொல்லும் பொறுப்பு பல வீடுகளில் மேல்நிலை வகுப்பு மாணவருக்கே வாய்க்கிறது. அத்தாள்களில் எதைத் தேட வேண்டும் என்பது தெரிந்திருந்தால் குடும்பத்தின் சில ஆண்டுச் சேமிப்பைக் காக்க இயலும்.

எத்தனை கிலோமீட்டர்?

விற்பனைக் கூடத்துக்குச் செல்லும்முன் வீட்டிலேயே விடை காணவேண்டிய வினா ஒன்று உண்டு. ஓர் ஆண்டில் இவ்வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடும்? எந்த நிறம், எத்தனை குதிரைத்திறன் என்பனவெல்லாம் இதன்பின் வருவன.

நாமக்கல்லில் வாழும் ஒரு குடும்பத்தைக் கருதுவோம். தந்தை அரசு அலுவலகத்தில் எழுத்தர். தாய் தையற்கடை நடத்துகிறார். வீட்டில் மூட்டுவலியால் துன்புறும் பாட்டி இருக்கிறார். மகள் பன்னிரண்டாம் வகுப்புப் பயில்கிறாள். அவர்களின் சேமிப்பு நான்கு இலட்சம் ரூபாய். அதில் ஒரு பகுதி மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு உரியது. பாட்டியைப் பேருந்தில் ஏற்றி இறக்க இயலவில்லை என்பதே மகிழுந்து பற்றிய பேச்சு எழக் காரணம்.

பாட்டியை மாதம் இருமுறை சேலம் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றுவர ஒரு முறைக்கு ஏறத்தாழ 110 கிலோமீட்டர் ஆகும். ஆண்டுக்கு 2,640. திருமணம், திருவிழா, சொந்த ஊர்ப் பயணம் எனச் சற்றுத் தாராளமாகவே கணக்கிட்டால் 2,160. உள்ளூர்த் தேவைக்கு 1,200. ஆக மொத்தம் 6,000 கிலோமீட்டர். அலுவலகத்துக்கும் கடைக்கும் பள்ளிக்கும் இப்போது போலவே இருசக்கர வண்டியும் மிதிவண்டியும் போதும்.

இவர்கள் பார்த்துவைத்திருக்கும் புதிய வண்டி, எல்லாச் செலவும் சேர்ந்து சாலைக்கு வரும்போது எட்டு இலட்சம் ரூபாய். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், ஒரு லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் என்று கொண்டால் எரிபொருளுக்கு ஆண்டுக்கு 40,000 ரூபாய் ஆகும். பெரும்பாலோர் கணக்கு இங்கேயே நின்றுவிடுகிறது. இவ்வண்டியை எட்டு ஆண்டுகள் வைத்திருந்து இரண்டரை இலட்சத்துக்கு விற்பதாகக் கொள்வோம். ஐந்தரை இலட்சம் ரூபாய் மதிப்பு கரைந்திருக்கும். அஃதாவது, வண்டி ஓடினாலும் நின்றாலும் ஆண்டுக்கு 68,750 ரூபாய் தேய்கிறது. காப்பீட்டுக்கு 15,000 ரூபாயும் பராமரிப்பு, டயர், மின்கலம் ஆகியவற்றுக்கு 12,000 ரூபாயும் சேர்த்தால் ஆண்டுச் செலவு 1,35,750 ரூபாய். அதை 6,000 கிலோமீட்டரால் வகுத்தால் கிலோமீட்டருக்கு 22 ரூபாய் 60 காசு வருகிறது. பெட்ரோலுக்கு மட்டும் ஆவது 6 ரூபாய் 67 காசு. எஞ்சிய 16 ரூபாய் எந்தப் பங்கிலும் நாம் செலுத்துவதாக உணராத செலவு.

அதே வண்டி ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடுமானால் கணக்கு மாறுகிறது. எரிபொருள் ஓர் இலட்சம், பராமரிப்பு 20,000 என உயர்ந்தாலும் மதிப்புத் தேய்வும் காப்பீடும் ஏறத்தாழ மாறுவதில்லை. மொத்தம் 2,03,750 ரூபாய். கிலோமீட்டருக்கு 13 ரூபாய் 60 காசுக்கும் குறைவே. மிகுதியாக ஓடும் வண்டி மலிவாகிறது, நிழலில் நிற்கும் வண்டி விலையுயர்ந்ததாகிறது.

நாமக்கல் குடும்பம் வாடகை மகிழுந்தையே அமர்த்திக்கொண்டால்? ஓட்டுநர் படி, காத்திருப்பு உட்படக் கிலோமீட்டருக்கு 20 ரூபாய் என்றாலும் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்தான். சொந்த வண்டியைவிடக் குறைவு. ஆயினும், நள்ளிரவில் பாட்டிக்கு மூச்சுத்திணறல் வந்தால் வாடகை வண்டிக்காகக் காத்திருக்க வேண்டுமே என்று தாய் கேட்கக்கூடும். அது கணக்கில் அடங்காத, ஆனால் மறுக்க இயலாத காரணம். அவசர வேளைக்கு 108 ஊர்தி இருக்கிறது என்று தந்தை விடையிறுக்கலாம். அதுவும் உண்மையே. இவ்வுரையாடலில் யார் வெல்ல வேண்டும் என்று கணக்கு சொல்லாது. அக்காரணத்துக்கு ஆண்டுதோறும் என்ன விலை கொடுக்கிறோம் என்பதை மட்டுமே அது சொல்லும்.

டீசல் வண்டி பற்றிய மயக்கமும் இதே அளவுகோலால் தெளியும். ஒத்த வசதியுள்ள டீசல் வகை, பெட்ரோல் வகையைவிட 1,25,000 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். டீசல் லிட்டர் 92 ரூபாய், 20 கிலோமீட்டர் ஓடும் என்றால் கிலோமீட்டருக்கு 4 ரூபாய் 60 காசு. பெட்ரோலைவிட மிச்சம் ஏறத்தாழ 2 ரூபாய். கூடுதலாகக் கொடுத்த தொகை திரும்ப 60,000 கிலோமீட்டர் ஓடவேண்டும். நாமக்கல் குடும்பத்துக்கு அது பத்து ஆண்டுகள். நாள்தோறும் ஈரோட்டுக்கும் கரூருக்கும் ஓடும் துணி வணிகருக்கு ஈராண்டுகளே ஆகலாம். மின்வண்டிக்கும் இவ்வாறே கணக்கிடலாம். ஆனால் அதற்குமுன், இரவில் மின்னேற்றம் செய்யச் சொந்த நிறுத்துமிடமும் மின் இணைப்பும் உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அடுக்ககத்தின் மூன்றாம் மாடியிலிருந்து கம்பி இழுத்து மின்னேற்றம் செய்ய முடியாது.

தெரிந்து தெளிவோம்

திருக்குறளின் 47ஆம் அதிகாரம் தெரிந்து செயல்வகை. ஒரு செயலில் அழிவதையும் ஆவதையும் பின்னர்க் கிட்டும் ஊதியத்தையும் ஒருங்கே ஆராய்வதிலிருந்து அது தொடங்குகிறது. அடுத்த அதிகாரமாகிய வலியறிதலில், வருவாய் சிறிதாயினும் செலவின் வழி அகலாதிருந்தால் கேடில்லை என்னும் கருத்து இடம்பெறுகிறது.

விலைச்சீட்டின் வரிகள்

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் காணப்படுவது விற்பனைக்கூட விலை. அதனை எக்ஸ்-ஷோரூம் விலை என்பர். வண்டியை வீட்டுக்கு ஓட்டிவர ஆகும் மொத்தத் தொகை ஆன்-ரோடு விலை. இரண்டுக்கும் இடையில் சாலை வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு, துணைப்பொருள்கள் ஆகியவை அணிவகுத்து நிற்கும்.

தமிழ்நாட்டில் சொந்தப் பயன்பாட்டு மகிழுந்துக்கு வாழ்நாள் வரி விதிக்கப்படுகிறது. 2023 நவம்பரில் மாற்றியமைக்கப்பட்ட விகிதப்படி, வண்டியின் மதிப்பு ஐந்து இலட்சம் வரை 12 விழுக்காடு, பத்து இலட்சம் வரை 13 விழுக்காடு, இருபது இலட்சம் வரை 18 விழுக்காடு, அதற்கு மேல் 20 விழுக்காடு. இங்கே ஒரு படிக்கட்டு உள்ளது. வரிக்குரிய மதிப்பு 9,90,000 ரூபாய் என்றால் வரி 1,28,700 ரூபாய். அதுவே 10,10,000 ரூபாய் என்றால் 1,81,800 ரூபாய். இருபதாயிரம் ரூபாய் விலையேற்றம் வரியில் மட்டும் 53,100 ரூபாயை இழுத்துவருகிறது. மேற்கூரையில் கண்ணாடிச் சாளரம் உள்ள வகையை வாங்குமாறு விற்பனையாளர் ஊக்கும்போது இப்படிக்கட்டை நினைவில் வைத்திருப்பது நன்று. சித்திரை வெயிலில் அச்சாளரத்தைத் திறப்போர் எத்தனை பேர் என்பது வேறு செய்தி.

சரக்கு மற்றும் சேவை வரி விற்பனைக்கூட விலைக்குள்ளேயே அடங்கியிருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்கு மேற்படாத நீளமும் பெட்ரோலாயின் 1,200 கன செண்டிமீட்டருக்கும் டீசலாயின் 1,500 கன செண்டிமீட்டருக்கும் மேற்படாத எந்திரமும் உடைய சிறு வண்டிகளுக்கு இவ்வரி 18 விழுக்காடு. பெரிய வண்டிகளுக்கு 40 விழுக்காடு. மின்வண்டிகளுக்கு 5 விழுக்காடு. நான்கு மீட்டர் என்னும் எல்லை 2006ஆம் ஆண்டின் நடுவண் அரசு வரவுசெலவுத் திட்டத்திலேயே வந்துவிட்டது. பின்புறம் சட்டென முடிந்துவிடும் குட்டையான மகிழுந்துகள் நம் சாலைகளில் மிகுந்திருப்பதற்கு அதுவே காரணம். வரிவிதி வண்டியின் வாலை நறுக்கியிருக்கிறது.

காப்பீட்டை விற்பனைக் கூடம் தரும் நிறுவனத்திடமே எடுக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. வெளியே விசாரித்தால் பல வேளைகளில் சில ஆயிரம் ரூபாய் குறையும். புதிய மகிழுந்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று ஆண்டுகளுக்கு ஒருங்கே எடுப்பது 2018 செப்டம்பர் முதல் கட்டாயம். நம் வண்டியால் பிறருக்கு நேரும் இழப்பை ஈடுசெய்வது இது. நம் வண்டிக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு தனி. அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கலாம். கையாளுகைக் கட்டணம், அடிப்படைத் துணைப்பொருள் தொகுப்பு என்று பெயர் விளங்காத வரிகள் சீட்டில் இருந்தால், அவை எவ்விதியின்கீழ் வாங்கப்படுகின்றன என்று கேட்டுப் பற்றுச்சீட்டுக் கோருவது வாங்குவோரின் உரிமை. கேட்டவுடன் அவ்வரி மறைந்துவிடுவதும் உண்டு.

கடனின் மொழி

நாமக்கல் குடும்பம் சேமிப்பிலிருந்து இரண்டு இலட்சம் செலுத்தி, ஆறு இலட்சம் கடன் பெறுவதாகக் கொள்வோம். வட்டி 9 விழுக்காடு. ஐந்தாண்டுத் தவணை என்றால் மாதம் 12,455 ரூபாய். ஏழாண்டு என்றால் 9,653 ரூபாய். மாதம் 2,800 ரூபாய் குறைகிறதே என்று ஏழாண்டையே பலர் தேர்கின்றனர். ஐந்தாண்டில் செலுத்தும் மொத்த வட்டி ஏறத்தாழ 1,47,300 ரூபாய். ஏழாண்டில் அது 2,10,800 ரூபாயைத் தாண்டுகிறது. அறுபத்து மூவாயிரம் ரூபாய்க்கு மேல் கூடுதலாகச் செலுத்தி முடிக்கும்போது வண்டிக்கு ஏழு வயது. மகளின் பட்டப்படிப்பும் இதே ஆண்டுகளில்தான் நடக்கும். குறைந்த வட்டியுடைய ஐந்தாண்டுக் கடனைச் சேர்த்தாலும், முன்பு கண்ட 22 ரூபாய் 60 காசு 25 ரூபாயைக் கடந்துவிடும்.

வட்டி விகிதம் என்று சொல்லப்படும் எண்ணிலும் இரு பொருள்கள் உண்டு. ஐந்து இலட்சம் ரூபாய்க்கு ஐந்தாண்டுகள் 8 விழுக்காடு என்று இருவர் சொல்கின்றனர். ஒருவர் குறையும் இருப்பின்மீது வட்டி கணக்கிடுகிறார். மாதத் தவணை 10,138 ரூபாய், மொத்த வட்டி ஏறத்தாழ 1,08,300. மற்றவர் தொடக்கத் தொகைமீதே ஐந்தாண்டுக்கும் வட்டி போடுகிறார். இது ஃபிளாட் வட்டி எனப்படும். மொத்த வட்டி இரண்டு இலட்சம், மாதத் தவணை 11,667 ரூபாய். முதலாமவர் முறையில் சொன்னால் இவர் வாங்குவது சற்றேறக்குறைய 14 விழுக்காடு வட்டி. பாதிக் கடனை அடைத்த பின்னும் முழுக் கடனுக்கும் வட்டி கட்டுவதாலேயே இந்நிலை. பழைய வண்டிகளுக்குக் கடன் தருவோரிடம் இம்முறை இன்றும் வழங்குகிறது.

இதற்கு ஒரு காப்பு உண்டு. 2024 அக்டோபர் முதல், தனிநபர் பெறும் கடன்களுக்கு முக்கிய உண்மைகள் அறிக்கை ஒன்றைக் கடன் தருவோர் வழங்க வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி பணித்துள்ளது. கடன் பெறுவோர்க்குப் புரியும் மொழியில் அது அமைய வேண்டும். எல்லாக் கட்டணங்களும் உள்ளடங்கிய ஆண்டு விழுக்காட்டு விகிதம் அதில் இருக்கும். இரு நிறுவனங்களை ஒப்பிட அந்த ஓர் எண் போதும். கடனை முன்கூட்டி அடைத்தால் தண்டக் கட்டணம் உண்டா என்பதையும் அதிலேயே பார்க்கலாம். வீட்டில் ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்பவர் முதலில் தேடவேண்டியது இத்தாளைத்தான்.

உயிர் காக்கும் உறுப்புகள்

பணம் குறைவாக இருக்கும்போது எதை விடலாம், எதை விடக்கூடாது? பெரிய தொடுதிரை, அலங்காரச் சக்கரம், உள்விளக்கு வண்ணங்கள் ஆகியவற்றைத் தயங்காமல் விட்டுவிடலாம். சக்கரம் பூட்டிக்கொள்ளாது காக்கும் நிறுத்தியமைப்பு 2019 முதலும், முன்னிருக்கை இரண்டுக்கும் காற்றுப்பை 2022 முதலும் எல்லாப் புதிய மகிழுந்துகளிலும் கட்டாயமாகிவிட்டன. ஆகவே இவற்றைச் சிறப்பு வசதிகள் என்று ஒருவர் புகழ்ந்தால் வியக்க வேண்டியதில்லை.

பாரத் என்.சி.ஏ.பி. என்னும் மோதல் மதிப்பீட்டுத் திட்டம் 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் வண்டியின் முன்பகுதியை ஒருபுறமாக மோதவிட்டும், பக்கவாட்டில் மோதியும், உள்ளிருக்கும் பொம்மை உருவங்கள் எவ்வளவு தாக்குறுகின்றன என்று அளக்கின்றனர். பெரியவர்க்கும் குழந்தைக்கும் தனித்தனியே ஐந்து வரை விண்மீன்கள் வழங்கப்படுகின்றன. இத்திட்டம் கட்டாயமன்று. நிறுவனங்கள் விரும்பினால் பங்கேற்கலாம். எனவே விண்மீன் எண்ணிக்கையோடு, சோதிக்கப்பட்டது எந்த வகை, எந்த ஆண்டு என்பதையும் கேட்க வேண்டும். ஆறு காற்றுப்பைகள் இருந்தும் பின்னிருக்கையில் பட்டை அணியாமல் அமர்பவர், மோதலின்போது முன்னிருப்பவர்மீதே எறியப்படுவார். காற்றுப்பை, இருக்கைப் பட்டையின் துணைவன். தனித்து அது காப்பதில்லை.

வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது குடும்பத்தினர் அனைவரையும் அழைத்துச் செல்வது நல்லது. நாமக்கல் பாட்டி, உயர்ந்த தளமுடைய வண்டியில் காலைத் தூக்கி ஏற இயலாமல் போகலாம். மிகத் தாழ்ந்த வண்டியிலிருந்து எழ இயலாமலும் போகலாம். யாருக்காக வண்டி வாங்கப்படுகிறதோ, அவரைத் தவிர மற்ற அனைவரும் ஓட்டிப் பார்த்து மகிழ்ந்து திரும்புவது நடைமுறையில் காணும் வியப்பு.

பழைய வண்டியின் நெளிவுகள்

காப்பீட்டில் வண்டியின் மதிப்பைக் கணக்கிட வழங்கும் தேய்மான அட்டவணையைப் பார்த்தால், வண்டிக்கு ஓராண்டு நிறையும்முன்பே 15 விழுக்காடும் மூன்று ஆண்டுகள் கடந்தபின் 40 விழுக்காடும் நான்கு ஆண்டுகள் கடந்தபின் 50 விழுக்காடும் கழிக்கப்படுகின்றன. தொடக்க ஆண்டுகளின் பெருந்தேய்வை முதல் உரிமையாளர் ஏற்றுக்கொள்கிறார். அதன்பின் வாங்குபவர்க்கு அது வாய்ப்பு. நாமக்கல் குடும்பம் நான்கு இலட்சத்தில் நான்கு வயதுள்ள சிறு வண்டியை வாங்கி, ஆறு ஆண்டுகள் கழித்து 1,60,000 ரூபாய்க்கு விற்றால் ஆண்டுத் தேய்வு 40,000 ரூபாய்தான். பெட்ரோல் 40,000, காப்பீடு 9,000, பழைய வண்டி என்பதால் பராமரிப்பு 20,000. மொத்தம் 1,09,000 ரூபாய். வாடகை வண்டியைவிடவும் குறைவு. ஆனால் முழுத்தொகையும் சேமிப்பிலிருந்து போனால் கல்லூரிக் கட்டணத்துக்கு என்ன செய்வது? ஒரு பகுதிக்காவது கடன் பெறவேண்டியிருக்கும். பழைய வண்டிக் கடனின் வட்டி பொதுவாக மிகுதி.

பழைய வண்டியில் விலை மலிவு, கண்ணுக்குத் தெரியாத குறை மிகுதி. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையில் எண்ணற்ற மகிழுந்துகள் நீரில் மூழ்கின. அத்தகைய வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டு, வேறு மாவட்டங்களின் சந்தைக்கு வருவதுண்டு. மேற்பூச்சு பளபளக்கும். இருக்கைப் பட்டையை இறுதிவரை இழுத்துப் பார்த்தால் உள்முனையில் சேற்றுக்கறை தெரியும். தரைவிரிப்பைத் தூக்கினால் புழுங்கல் நாற்றம் வரும். இருக்கையைத் தாங்கும் இரும்புத் தண்டிலும் திருகுகளிலும் துருப்பிடித்திருக்கும். மாற்றுச் சக்கரம் வைக்கும் குழியில் வண்டல் ஒளிந்திருக்கும். இவ்விடங்களைக் கழுவ யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

ஓடிய தொலைவு காட்டும் கருவியின் எண்ணை மாற்றுவதும் அரிதன்று. முப்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்று சொல்லப்படும் வண்டியில் மிதிகளின் இரப்பர் தேய்ந்து வழவழத்திருந்தால் ஐயுற வேண்டும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2322 என்றிருந்தால், அது 2022ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். வண்டி 2023இல் வாங்கியது, டயர் ஒருமுறையும் மாற்றவில்லை என்கிறார். ஆனால் டயரில் 2024இன் எண் உள்ளது என்றால், அவர் சொல்லும் மற்றவற்றையும் மீண்டும் கேட்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற பணிமனையின் பராமரிப்புப் பதிவு, ஒவ்வொரு முறையும் ஓடிய தொலைவைக் குறித்துவைத்திருக்கும். அதைக் கேட்டுப் பெறலாம். எந்திரம் குளிர்ந்திருக்கும் காலையில் சென்று, நம் கண்முன் அதை இயக்கச் சொல்ல வேண்டும். நமக்காக முன்பே சூடேற்றி வைத்திருக்கும் வண்டி தன் குறையை மறைத்துக்கொள்ளும். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை ஊதியம் கொடுத்து அழைத்துச் செல்லத் தயங்கக்கூடாது. சில நூறு அல்லது ஆயிரம் ரூபாய் அவருக்குத் தருவது, நான்கு இலட்சத்துக்கு நாம் எடுக்கும் சிறு காப்பீடு.

தாள்களிலும் கவனம் வேண்டும். பதிவுச் சான்றிலுள்ள அடிச்சட்ட எண்ணும் எந்திர எண்ணும் வண்டியில் பொறித்துள்ள எண்களோடு ஒத்திருக்க வேண்டும். சான்றில் வங்கியின் பெயர் இருந்தால் கடன் இன்னும் தீரவில்லை என்றோ, தீர்ந்தும் நீக்கப்படவில்லை என்றோ பொருள். வங்கியின் தடையின்மைச் சான்றும் 35ஆம் படிவமும் வரும்வரை முழுத்தொகையைத் தரலாகாது. சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும் என்பதால் எஞ்சிய ஆண்டுகளையும் எண்ணிக்கொள்ள வேண்டும். நிலுவையிலுள்ள போக்குவரத்துத் தண்டங்களை நடுவண் அரசின் பரிவாகன் தளத்திலேயே பார்க்கலாம்.

பெயர் மாற்றத்துக்கு 29, 30ஆம் படிவங்கள் உள்ளன. விற்றவர் அதே மாநிலத்துக்குள் 14 நாள்களிலும் வாங்கியவர் 30 நாள்களிலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் ஐம்பதாவது பிரிவு. கையெழுத்திட்ட படிவங்களைக் கொடுத்துவிட்டோம், வேலை முடிந்தது என்று விற்றவர் எண்ணுவது பெரும் இடர். பதிவேட்டில் பெயருள்ளவரே உரிமையாளர் என்றும், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பாவார் என்றும் உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்துள்ளது. நான்கு கை மாறிய வண்டி எங்கோ ஒருவரை மோதினால், அழைப்பாணை முதல் உரிமையாளரின் வீட்டுக் கதவைத் தட்டும். காப்பீட்டையும் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். முந்தைய உரிமையாளர் இழப்பீடு கோராததற்காகப் பெற்றுவந்த கட்டணச் சலுகை அவருக்கே உரியது. அது வண்டியோடு வருவதில்லை.

வண்டி செய்த நிறுவனம் நாட்டில் தொடர்ந்து இயங்குகிறதா என்பதும் பழைய வண்டியில் பார்க்கவேண்டிய ஒன்று. ஜெனரல் மோட்டார்ஸ் தன் செவர்லே வண்டிகளின் விற்பனையை 2017ஆம் ஆண்டின் இறுதியோடு இந்தியாவில் நிறுத்தியது. மறைமலை நகரில் ஆலை வைத்திருந்த ஃபோர்டு, இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. இத்தகைய வண்டிகள் மலிவாகக் கிடைக்கும்போது, தம் ஊரிலோ அண்மை நகரிலோ அவற்றுக்குப் பணிமனையும் உதிரிப்பாகமும் உண்டா என்று நேரில் சென்று விசாரித்தபின் விலை பேசுவதே முறை.

புதியதாயினும் பழையதாயினும் முன்பணம் கொடுக்கும்போது, வண்டியின் வகை, நிறம், முழு விலை, ஒப்படைக்கும் நாள், வேண்டாமென்றால் எவ்வளவு திருப்பித் தரப்படும் ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிட்ட சீட்டைப் பெற வேண்டும். இச்சலுகை இன்று மாலையோடு முடிகிறது என்று யாரேனும் சொன்னால், அச்சொல்லையும் அச்சீட்டில் எழுதித் தரும்படி கேட்கலாம். பெரும்பாலும் எழுதித் தரமாட்டார்கள். சலுகை மறுநாளும் இருக்கும்.

கற்பவை கற்றபின்...

உங்கள் வீட்டில் சென்ற மாதம் மேற்கொண்ட பயணங்களைத் தொலைவுடன் பட்டியலிடுக. அவற்றுள் எவற்றுக்கு மகிழுந்து தேவைப்பட்டிருக்கும் எனப் பெற்றோருடன் உரையாடி, ஓராண்டுத் தொலைவைக் கணக்கிடுக.

பாட்டியின் தேவை, மகளின் கல்விச் செலவு ஆகிய இரண்டையும் கருத்திற்கொண்டு, நாமக்கல் குடும்பத்தினர் நால்வரும் கலந்து பேசுவதாக ஓர் உரையாடல் எழுதுக.

உங்கள் பகுதியிலுள்ள இருசக்கர வண்டி விற்பனைக் கூடத்தில் விலைச்சீட்டு ஒன்றைப் பெற்று, அதிலுள்ள ஒவ்வொரு வரியும் எதற்கானது என்பதைத் தமிழில் விளக்கி எழுதுக.